ஆமைக்குஞ்சுக்கு உடம்பு சரியில்லையா?

போன மார்கழியில் எங்கள் வீட்டு ஆமைக்குஞ்சு சாப்பாட்டை நிறுத்தியது. சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்க நில ஆமை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு கண்ணும் மூடியபடி, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையிலேயே கிடந்தது. விற்றவர் "பாலைவனத்துப் பிராணி, தண்ணி காட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை நம்பி ஐந்து வாரம் காய்ந்த மரத்தூளில் வைத்திருந்தோம். ராத்திரியில் ஏசி ஓடும் அறை வேறு. மருத்துவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பெட்டி எப்படி வெச்சிருக்கீங்க?" பாதி நோய் பெட்டியில்தான் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவை இவை. சூட்டுக் கணக்கெல்லாம் சல்கேட்டா குஞ்சுக்கானது. வேறு இன ஆமைக்கு மாறும்.

1. முதல் மருந்து சூடு. ஆமையின் உடம்பு தானாகச் சூடாகாது. சுற்றியுள்ள இடம் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடம்பும். குளிர்ந்து கிடக்கும் ஆமைக்குச் செரிமானம் நடக்காது, நோயை எதிர்க்கும் சக்தியும் எழாது, போட்ட ஊசிகூடச் சரியாக வேலை செய்யாது. நோயுற்ற குஞ்சின் பெட்டி பகலிலும் இரவிலும் 28 முதல் 31 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். ஒரு மூலையில் மட்டும் விளக்கின் கீழ் 35 டிகிரி வரை போகலாம். வேண்டும்போது அதுவே நகர்ந்து போய்க் காயும். கையால் தொட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டாதீர்கள். ஆமையின் முதுகு உயரத்தில், பெட்டியின் இரு முனையிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வையுங்கள். எங்கள் பெட்டியில் விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்தபோது 22 காட்டியது. அதற்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

2. இரவில் சூட்டுக்காக வெளிச்சம் தரும் பல்பை எரியவிடாதீர்கள். குஞ்சுக்கும் தூக்கம் வேண்டும். ஒளி தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர் கிடைக்கிறது. அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். கூடவே தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். மின்வெட்டு வந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, மேலே போர்வை போட்டு மூடுங்கள். காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

3. அடுத்தது தண்ணீர். தினமும் காலையில் 20 முதல் 30 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்கார வையுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தப் பதம். மேல் ஓடும் அடி ஓடும் சேரும் இடம் வரைக்கும்தான் நீர் நிற்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டாலும் மூக்கு மூழ்கக் கூடாது. பக்கவாட்டில் வெளியே தெரியாத உயரமான டப்பா நல்லது, கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டால் ஏறித் தப்பிக்கப் பார்த்துக் களைத்துவிடும். நீர் ஆறிக்கொண்டே வரும், நடுவில் ஒரு தடவை மாற்றுங்கள். பக்கத்திலேயே இருங்கள், சோர்ந்த குஞ்சு நாலு விரற்கடைத் தண்ணீரில்கூட மூழ்கும்.

எங்களுடையது முதல் இரண்டு நாளும் தண்ணீரில் அசையாமல்தான் கிடந்தது. மூன்றாம் நாள் கழுத்தை மெல்ல நீட்டி, முகவாயை நீரில் வைத்தது. தொண்டைக்குக் கீழே உள்ள மெல்லிய தோல் ஏறி இறங்கியது. அவ்வளவு நேரம் ஒரு பிராணி தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

4. குளிக்கும் நீரில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். சிறுநீரோடு வெள்ளையாகத் தயிர்போல வந்தால் பயமில்லை. தேய்த்துப் பார்த்தால் மணல்போல நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை என்று அர்த்தம். இதை அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லாகக் கட்டிவிடும்.

5. சூடும் நீரும் ஏறாமல் உணவை வாயில் திணிக்கவே கூடாது. குளிர்ந்த வயிற்றில் போன இலை செரிக்காமல் அழுகும். ஊசிக்குழாயில் எதையாவது கரைத்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டுமென்றால் அது மருத்துவர் கையால் நடக்கட்டும்.

6. இனி பெட்டிக்குள் இருக்கும் ஈரம். பாலைவன ஆமைக்கு ஈரம் ஆகாது என்று நினைப்பதுதான் பல குஞ்சுகளைக் கொல்கிறது. சகாராவின் தென்விளிம்பில் வாழும் சல்கேட்டா வெயில் நேரத்தில் ஆழமான வளைக்குள் போய்விடும். அங்கே மண் ஈரமாக இருக்கும். காய்ந்த பெட்டியில் குஞ்சு மூச்சு விடும்போதெல்லாம் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். முதுகு ஓடு கூம்பு கூம்பாக எழும்புவதற்குப் புரதம் அதிகமான உணவுதான் காரணம் என்று முன்பு சொல்லிவந்தார்கள். சல்கேட்டா குஞ்சுகளை வைத்தே செய்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, காற்றின் ஈரம் குறைவதுதான் முக்கியக் காரணம் என்று காட்டியது.

மரத்தூள், ஆற்று மணல் இரண்டையும் தூக்கிப்போடுங்கள்; மணலைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். நர்சரியில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை நன்றாக அலசி, பிழிந்து, மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டியைப் பாதியாகக் கவிழ்த்து வைத்தால் போதும். காலையில் சட்டியின் மேல் நீர் தெளித்தால் உள்ளே நாள் முழுவதும் குளுமை இல்லாத ஈரம் நிற்கும். பெட்டியின் மேல்பக்கத்தை முக்கால்வாசி மூடுங்கள். ஈரமானியில் 80 சதவீதம் வந்தால் நிம்மதி. ஒன்றை மறக்காதீர்கள்: ஈரமும் சூடும் சேர்ந்தால் நல்லது, ஈரமும் குளிரும் சேர்ந்தால் நெஞ்சில் சளி.

7. கீழ்க்கண்டவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்: வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு விடுவது, மூக்கில் நுரை அல்லது குமிழ், கண் வீங்குவது, அடி ஓட்டில் ரோஜா நிறம் பரவுவது, கெட்டிப்பட்டிருந்த ஓடு மறுபடி மெத்தென்று ஆவது. பிறந்த சில மாதம் வரை ஓட்டில் நகம்போல லேசான நெகிழ்வு இருக்கும், அதற்குப் பதறவேண்டாம். ஆமைக்கு நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. அதனால் மூக்கொழுகலை "சளிதானே, தானா போயிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

8. நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. ஊர்வன பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் வேப்பேரியிலும், வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது அன்றைய சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போனால் புழுவுக்குச் சோதித்துவிடலாம். பெட்டியின் படத்தையும் தெர்மாமீட்டர் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

9. ஆடு மாடுகளுக்குப் புழு, உண்ணி நீக்கப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். "கொஞ்சமா குடுங்க" என்று யார் சொன்னாலும் வேண்டாம். நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கால்வாசி கொடுப்பதும் கூடாது.

10. ஓட்டின் மேல் தேங்காய் எண்ணெய், மஞ்சள், நகப்பாலிஷ் எதுவும் பூசாதீர்கள். என் மாமியார் பாசத்தில் விளக்கெண்ணெய் தடவப் பார்த்தார்; நான்தான் தடுத்தேன்.

11. வெயில். ஓடு இறுக புற ஊதாக் கதிர் வேண்டும், அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. காலை ஒன்பதுக்கு முன் 15 நிமிடம் மாடியில் ஒரு தொட்டியில் விட்டால் நம் ஊர் வெயிலே போதும். தொட்டியில் பாதி நிழல் இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். காக்கைக்கு அது ஒரு வாய் இரை. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்தே போகும். மழைக்காலத்துக்கு யூவிபி குழல் விளக்கு வாங்கலாம். எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், மாற்றுங்கள்.

12. பசி திரும்பியதும் முதலில் செம்பருத்திப் பூவைக் காட்டுங்கள். அந்தச் சிவப்புக்கு மயங்காத ஆமை குறைவு. பிறகு செம்பருத்தி இலை, மல்பெரி இலை, பொடியாக நறுக்கிய அருகம்புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, அவ்வப்போது முருங்கைக்கீரை. மருந்து தெளிக்காத இலையாக இருக்கட்டும். பசலை, பாலக் அடிக்கடி வேண்டாம், அவை சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். சோறு, ரொட்டி, பால், பழம், பருப்பு எதுவும் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் "கடல்நுரை" என்று கேட்டால் கொடுப்பார்கள். அது கணவாய் மீனின் ஓடு. அதைச் சுரண்டி ஒரு சிட்டிகை, வாரம் இரண்டு மூன்று நாள் இலையின் மேல் தூவினால் குஞ்சுக்கான சுண்ணாம்புச் சத்து கிடைத்துவிடும்.

13. எறும்பை லேசாக எண்ணாதீர்கள். அசையாமல் கிடக்கும் குஞ்சின் கண்ணைத்தான் முதலில் தேடிப் போகும். பாட்டி காலத்தில் பால் அலமாரியின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துவார்களே, பெட்டி இருக்கும் மேசைக்கும் அதையே செய்யுங்கள். எறும்பு சாக்பீஸ், பூச்சிப்பொடி பக்கத்தில் வரக்கூடாது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்கு வேண்டாம். பெட்டியைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் போதும்.

14. இரண்டு குஞ்சுகள் இருந்தால் உடனே பிரித்து வையுங்கள். ஒட்டிக்கொண்டு கிடப்பது பாசம்போலத் தெரியும். ஆனால் பெரியது சின்னதை விளக்கின் கீழிருந்தும் உணவிலிருந்தும் ஓசையில்லாமல் விலக்கிக்கொண்டிருக்கும். நோய் தொற்றாமல் இருக்கத் தட்டு, தொட்டி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

15. தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். நலமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமை குளித்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பார்க்கலாம், தொடவேண்டாம்.

16. உங்கள் கையில் இருப்பது மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட நம் ஊர் நட்சத்திர ஆமை என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள். சல்கேட்டா போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. புண்ணியம் என்று நினைத்து விட்டது சில நிமிடத்தில் மூழ்கிச் சாகும்.

17. ஒரு நோட்டும், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசும் வாங்குங்கள். தினமும் குளிப்பதற்கு முன், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். எங்களுடையது வந்தபோது 41 கிராம், மருத்துவரிடம் போன அன்று 36. பிறகு ஒன்பது நாள் 36, 36, 35 என்றே எழுதினோம். பத்தாம் நாள் 37. தேறிவிட்டது என்று உடனே பெட்டியின் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள், ஒரு மாதம் எடை விடாமல் ஏறட்டும். இன்று காலை 112 கிராம் எழுதினோம்.