பழைய ஜீப் பிக்கப்: பட்டறைப் பேச்சும் நிஜமும்

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்றால், ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கலாம். அவற்றில் சில, ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவை. இப்படித் தோட்டத்திலும் தோப்பிலும் உழைத்து ஓய்ந்த ஜீப்புகள், பின்னால் தொட்டி கட்டிய பிக்கப்புகளாக, நகரத்து ஆசைக்காரர்களின் கைக்கு வருகின்றன. வண்டியோடு இலவசமாக வருவது அறிவுரை. புரோக்கர், டிங்கர், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் ஜீப்பைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இங்கே வில்லிஸ் வம்சத்து ஜீப்பை முன்னால் வைத்துப் பேசுகிறேன். 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டத் தொடங்கிய குடும்பம் அது. உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி மாடலை வில்லிஸ் 1953இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. அங்கே 1968இல் நின்றது, இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. பானெட் உயர்ந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின். அதன் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கும். இந்த விசித்திரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

“செல்ஃப் அடிச்ச உடனே ஸ்டார்ட் ஆகுது, வண்டி நல்ல கண்டிஷன்”

விற்பவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். ஹரிக்கேன் எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதமே குறைவு. பெட்ரோலும் தீப்பொறியும் ஏதோ ஒரு அளவுக்கு வந்தாலே பிடித்துக்கொள்ளும். தேய்ந்த எஞ்சினும் பிடிக்கும். நீங்கள் போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. கேஜ் காட்டும் எண்ணைவிட நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கூடவே ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து சம்ப்புக்குள் பெட்ரோல் இறங்குகிறது. ஆயில் குறையவே மாட்டேங்குது என்று இதை வைத்துப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு.

ஆனாலும் எஞ்சினை நான் இரண்டாவது வேலையாகத்தான் வைப்பேன். ஓடாத வண்டி வாசலில் நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது நிற்காத வண்டிக்கு. புது முதலாளியின் முதல் பணம் பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் போகிறது, அடுத்தது எஞ்சினுக்கு, மிச்சம் இருந்தால் பிரேக்குக்கு. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

“ரெண்டு பம்ப் அடிச்சா பிரேக் பிடிக்கும், பழைய ஜீப்புன்னா அப்படித்தான்”

இல்லை. பழைய ஜீப்பும் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். அப்படித்தான் செய்து அனுப்பினார்கள். பம்ப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் லைனுக்குள் காற்று இருக்கிறது, அல்லது லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது.

இன்றைய காரில் பிரேக் லைன் இரண்டு தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றது பாதி வண்டியையாவது பிடிக்கும். இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கும் சேர்ந்து போகும். மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சேறும் புழுதியும் மூடிக் கிடக்கும் அதன் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் தரையைத் தொடும்போதுதான் ஞாபகம் வரும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடாகி, லைனுக்குள் ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அளவு சரியாத்தான் இருக்கு என்பது இங்கே பதிலே ஆகாது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை முன்பு யாராவது அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் ரப்பர் கப்புகள் ஊதிப் போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். உள்பக்கம் உப்பி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்த பிறகு திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பட்டறையில் ஷூவைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குற்றவாளி ஹோஸ். இன்னொன்று: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடுவது பட்டறைகளின் வழக்கம்; நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக்கிலும் ஒரு சூட்சுமம். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின்பக்கப் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் தலையில் உள்ள டிரம்மில் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கே என்று ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் உருள, வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டு நகரும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். ஜாக்கி போடும் முன் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

“ஜீப்புன்னா ஸ்டியரிங் ஆடத்தான் செய்யும்”

கொஞ்சம் ஆடும், உண்மைதான். கால்வாசி சுற்று சுற்றிய பிறகு சக்கரம் திரும்பினால் அது ஜீப்பின் குணம் அல்ல, தேய்மானம். இங்கே நடக்கும் தவறு, ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை முறுக்கி ஆட்டத்தை ஒழிப்பது. ஆட்டம் பாக்ஸில் மட்டும் இருப்பதில்லை. நடுவே பெல் கிராங்க் என்ற திருப்புக் கை, இருபுறமும் டை ராட் எண்டுகள், சக்கரத்தின் அடியில் கிங்பின் பேரிங்குகள், கமான் பட்டையின் ஷேக்கிள் புஷ்கள் என்று ஆறேழு இடங்களில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. இவற்றை விட்டுவிட்டுப் பாக்ஸை மட்டும் இறுக்கினால் வளைவில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும், தானாகத் திரும்பாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும். மற்றவர் கீழே படுத்து, எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமலும் இருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் அல்லது வீல் பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது மறுபடி ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். குழியில் இறங்கி ஏறியதும் முன்பக்கம் முழுவதும் உதறும் ஜீப்புகளில் பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான் காரணம். ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் பூட்டினால் உதறல் மறையும். தேய்மானம் அங்கேயேதான் இருக்கும்.

“ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைத் தின்னுடும்”

ஈயத்தின் கதை பழையது. இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் 2000 பிப்ரவரியிலிருந்தே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்காக இன்று பயந்து, பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுவதில் பொருளில்லை. தொடர்ந்து அதிக வேகம், அதிக பாரம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் அமுங்கலாம். அப்போது டேப்பட் கிளியரன்ஸ் குறைந்துகொண்டே வரும். ஆக, அளந்து பார்த்தாலே போதும். ஹரிக்கேனில் அது எக்ஸாஸ்ட் பக்கம் அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு, இன்டேக் பக்கம் 18. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருப்பதால் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால்தான் கை எட்டும். அதனால் மேலே இன்டேக்கை மட்டும் சரிசெய்து ‘டேப்பட் வச்சாச்சு’ என்று சொல்வது நடக்கிறது. பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்று கவலைப்பட வேண்டியது எத்தனால். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெதுவாக இளகிக் கசியும். இந்த ஜீப்பின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். எத்தனால் தாங்கும் குழாய்க்கும் கிளிப்புக்கும் செலவு அதிகமில்லை. வண்டி வந்த வாரமே மாற்றுங்கள்.

டீசல் ஊற்றி எஞ்சினைக் கழுவினால் புதுசாகும் என்பது இன்னொரு பட்டறை வேதம். பல ஆண்டு படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் பேரிங் போய்விடும். சம்ப்பைக் கழற்றிக் கையால் துடைப்பதே சரி.

டயரில் பட்டன் முழுசாக இருக்கிறது என்பதும் ஏமாற்று. 6.00-16 டயர் வருஷக்கணக்கில் நிழலில் நின்றே கெட்டுப்போகும். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே எண்கள் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் செய்தது; பேசாமல் கழற்றிப் போடுங்கள். அடியில் புதிதாகத் தார் பூசிய சேஸிஸும் அப்படித்தான். பட்டை தொங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, விரிசலும் வெல்டிங் ஒட்டும் எங்கே என்று தேடுங்கள்.

“ஆர்.சி. புக் இருக்கு, வேற என்ன வேணும்?”

ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல்: பழைய ஜீப்புகளில் சர்வசாதாரணம். பெட்ரோல் செலவுக்குப் பயந்து யாரோ ஒருவர் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்திருப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே சேஸிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துப் பிரதி எடுத்து, எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

15 வருஷம் தாண்டினால் வண்டி ஓடக்கூடாது என்பார்கள். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற உத்தரவு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்குப் போட்டது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியின் பதிவை 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரி கட்ட வேண்டும். சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப் என்றால் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு பெர்மிட் வேண்டியதில்லை, அதற்காக எஃப்.சி.யும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

50 வருஷம் ஆகிவிட்டது, ‘வின்டேஜ்’ல போட்டுடலாம் என்று ஒரு யோசனை புதிதாகக் கிளம்பியிருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவத்தில் இருக்கும் வண்டிக்கே அந்தப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். டீசல் எஞ்சின் ஏறிய ஜீப் அதில் நுழைய முடியாது. பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது, வாடகைக்கும் விட முடியாது. தேங்காய் ஏற்ற வாங்கிய பிக்கப்புக்கு அது உதவாது.

கடைசியாக, பேர் மாற்றம் மெதுவா பண்ணிக்கலாம் என்கிற பேச்சு. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், விற்றவருக்கும் இதில் அவசரம் உண்டு. அவர் பெயரில் உள்ள இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் பக்கத்துத் தெருப் பட்டறைக்குக்கூட அந்த ஜீப்பை ஓட்டிப் போகாதீர்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.