நேயர் விருப்பமும் பிளேலிஸ்ட்டும்

திண்டுக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாட்டு வெளிவரும் அன்றே ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டில் ஏற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே. நியாய தர்மம் பேசவில்லை, கணக்கே உதைக்கிறது. ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல்களில் காசுக்கு இடமில்லை. 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கில் போய், இன்னும் வெளிவராத பாட்டை நீயே பிட்ச் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வெளிவந்துவிட்ட பாட்டை அங்கே அனுப்ப முடியாது. குறைந்தது 7 நாள் முன்னதாகக் கொடுத்துவிட்டால், ஆசிரியர்கள் எடுக்காமல் போனாலும் உன்னைப் பின்தொடர்கிறவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்குப் பாட்டு போய்விடும். அப்படியானால் அந்த ஆள் விற்பது வேறு ஏதோ தனியார் பட்டியல். அதில் கேட்பது மனிதர்தானா என்பதே சந்தேகம்.

நம் பக்கத்துக்குக் கோடைப் பண்பலை வானொலி புதிதல்ல. அதன் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு ஊர் ஊராக அஞ்சலட்டை போட்ட காலத்தை நினைத்துப் பார். இன்று ஒருவர் பாட்டைப் பாதியில் தள்ளாமல் கேட்பதும், சேவ் செய்வதும், மறுநாள் தேடி வந்து திரும்பக் கேட்பதும்தான் அந்த அஞ்சலட்டை. ஸ்பாட்டிஃபையின் இயந்திரம் அதைப் பார்த்துத்தான் பாட்டை அடுத்தவர் காதுக்குத் தள்ளுகிறது. காசு கொடுத்து வாங்கும் ஸ்ட்ரீம், ஒரே கையெழுத்தில் ஆயிரம் பெயர் போட்டு எழுதிய அட்டை. 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டினால்தான் ஸ்பாட்டிஃபை ராயல்டி தருகிறது. 'அந்த ஆயிரத்தையாவது வாங்கிவிடலாமே' என்று தோன்றும். போலி ஸ்ட்ரீம் கணக்கில் சேராது. அப்பட்டமாகப் பிடிபட்டால் உன் பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம். அவர் அதை உன் தலையில் கட்டுவார், பாட்டையும் இறக்கிவிடுவார். நீயாகப் போலி ஸ்ட்ரீம் ஓட்டவில்லை, பணம் மட்டுமே கொடுத்தாய் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

பெரிய கம்பெனி பின்னால் இல்லாதவனுக்கு இதெல்லாம் நடக்குமா என்பாய். பாதி உண்மைதான். 2024 ஜனவரியில் வந்த 'கட்சி சேர' பாட்டுக்குத் திங்க் மியூசிக் நிறுவனம் பின்னால் இருந்தது. அதற்கு இசையமைத்துப் பாடிய சாய் அபயங்கரின் அப்பா அம்மா இருவருமே பெயர்பெற்ற பின்னணிப் பாடகர்கள். அந்தச் சாய்மானம் உனக்கு இல்லை. ஆனால் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019 பிப்ரவரியில். கோயம்புத்தூர் ராப் பாடகர் ஆதியின் 'கிளப்புல மப்புல' அதற்குப் பல வருஷம் முன்பே யூடியூபில் பரவிவிட்டது. எந்தப் பிளேலிஸ்ட்டும் அதைத் தூக்கிவிடவில்லை. கேட்டவர்கள் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். பட்டியல் ஓடுகிற பாட்டை இன்னும் வேகமாக ஓட்டும். நிற்கிற பாட்டை அது தள்ளிக் கிளப்பியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, இதை நீ கேட்கவில்லை. பாட்டு ஓடினாலே பணம் வந்துவிடாது. 2021இல் உலகமே கேட்ட 'என்ஜாயி எஞ்சாமி'க்குத் தனக்கோ, அதைப் பாடிய அறிவுக்கோ, பாடகி தீக்கோ ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். அதனால் மெட்டு, வரி, ஒலிப்பதிவு மூன்றும் யாருக்குச் சொந்தம் என்று உருமி வாசிக்கும் பையன் உட்பட எல்லோரிடமும் இப்போதே எழுதி வாங்கு. பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிவிடு. ஸ்பாட்டிஃபைக்கு அனுப்பும் பிட்சில் 'செம ஹிட் பாட்டு' என்று எழுதாதே. எந்த ஊர் உருமி, என்ன தாளம், எதைப் பற்றிய வரி என்று எழுது. ஆசிரியர்கள் பாட்டை எந்தப் பட்டியலில் வைப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வெளியீட்டை ஒரு மாதம் தள்ளி வை. அந்த ஆளுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணத்தை மிக்ஸிங்குக்குக் கொடு; நீ அனுப்பிய பதிவில் உருமி உன் குரலை அமுக்குகிறது.

அன்புடன்,
மாமா