காணாக்கடி என்று சொல்வார்கள்

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிச் சிறார் நலக் குழுவில் மருத்துவராகச் சேர்ந்துவிட்டாய் என்றும், அடுத்த வாரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கடும் ஒவ்வாமை பற்றிப் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய்.

'அனாஃபிலாக்சிஸ்' என்று ஆரம்பிக்காதே. உடம்பெங்கும் தடிப்பு எழும்பினால் நம் பக்கம் காணாக்கடி என்பார்கள். கண்ணில் படாத ஏதோ கடித்துவிட்டதென்று வெற்றிலையில் மிளகை மடித்துக் கொடுத்து, பிள்ளையை வகுப்பிலேயே உட்கார வைப்பார்கள். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கு. வெறும் தடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். கூடவே வாந்தி, விடாத இருமல், குரல் கம்முதல், இழுப்பு, மயக்கம் என எது வந்தாலும் வெற்றிலைக்கு நேரமில்லை. தடிப்பே இல்லாமல் மூச்சு முட்டுவதும் உண்டு.

பணியில் சேர்ந்த புதிதில், கதண்டு கொட்டிய ஒரு சிறுவனை பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் முதலில் போட்டது அவில் ஊசி, அடுத்தது டெக்சா. சுற்றிலும் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் அட்ரினலினை உடைத்தேன். பிழைத்துக்கொண்டான். கடந்துபோன அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அவில் அரிப்பைத் தணிக்கும். அடைபடும் தொண்டையையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் மீட்காது. முதல் மருந்து அட்ரினலின்தான். தொடையின் வெளிப்புறத் தசையில், கிலோவுக்கு 0.01 மி.கி. 20 கிலோ பிள்ளைக்கு, 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பியூலிலிருந்து 0.2 மி.லி. பதற்றத்தில் கணக்கு வராது. எடைவாரியாக எழுதி உன் மருந்துப் பையில் ஒட்டிவை.

இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல், மருத்துவர் சீட்டில்லாமலே பள்ளிகள் அட்ரினலின் பேனா ஊசியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம்மூர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நம் ஆசிரியர் கையில் இருப்பது முதல் சில நிமிடங்கள்தான். அதற்குப் பேச்சு போதாது, செய்துபார்க்க வை. ஒருவரைத் தரையில் படுக்க வைத்துக் காலை உயர்த்தச் சொல். மூச்சு திணறினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். எழுப்பி நிறுத்தவோ நடத்தவோ கூடாது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்துவிடும். பைக் பயணத்தை நான் அஞ்சுவது அதனால்தான். 108-க்கு யார் பேசுவது, வாசலில் யார் நிற்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யட்டும். வண்டி வரத் தாமதமாகும் ஊர் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருக்கிறதா என்று நீயே போய்ப் பார். ஊசிக்குப் பின் தெளிந்த பிள்ளையையும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடியும் வரலாம்.

ஒன்று விட்டுவிட்டேன். கூட்டத்துக்கு ஆசிரியர்களை மட்டும் கூப்பிடுவார்கள். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் கேட்டு வரவழை. வாரம் 5 நாள் முட்டை பரிமாறுவது அவர்கள்தான். "முட்டை வேண்டாம், தொண்டை அரிக்குது" என்று ஒரு பிள்ளை தட்டைத் தள்ளினால், அடம் என்று எண்ணி, பாசத்தோடு ஊட்டிவிடுவார்கள். அப்படித் தள்ளும் பிள்ளைகள் யார் யார் என்று அந்த அம்மாக்களிடம் முதலில் கேள்.

அன்புடன்,
உன் அக்கா