ஆம்பளை இல்லாத வீடு: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் அஸ்தினாபுரத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் வெறும் வீடா கட்டினார்கள்? கிணறு, போர், சம்ப், மேல்தொட்டி, செப்டிக் டேங்க், இரண்டு தென்னை, ஒரு மா, கொல்லையில் துணி துவைக்கும் கல் என்று அரை கிரவுண்டுக்குள் ஒரு சின்னப் பண்ணையையே அடைத்துவிட்டார்கள். இப்போது வரி ரசீதில் தாம்பரம் மாநகராட்சி என்று வருகிறது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ. மோட்டார் போடுவதிலிருந்து மட்டை விழுவது வரை எல்லாம் ஒரே பெண்ணின் தலையில். அக்கம்பக்கம், சொந்தபந்தம் எல்லாம் அவருக்குச் சொல்லும் அறிவுரைகளில் பாதி நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைகளில் சில பணத்தைத் தின்னும், சில ஆளையே தின்னும்.

“மோட்டார், மெயின் போர்டு எல்லாம் பொம்பளைங்க தொடற விஷயமில்லை”

இதைச் சொன்ன ஆண்களில் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? அவர்களும் போன் போட்டு மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார்கள். ‘ஆம்பளை இருக்கிற வீடு’ என்பதால் மெக்கானிக் கொஞ்சம் யோசித்து விலை சொன்னார், அவ்வளவுதான்.

கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுவிட்ச் போட்டால் ‘உம்ம்’ என்று உறுமுகிறது, சுற்றவில்லை. “காயில் போச்சும்மா, ரீவைண்டிங் பண்ணணும்” என்பது வழக்கமான தீர்ப்பு. சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை. மோட்டாரைக் கிளப்பிவிடும் உதை அதிலிருந்துதான் வருகிறது. அது பலவீனமானால் மோட்டார் முனகும், எழாது. புதிது சில நூறு ரூபாய், ரீவைண்டிங் ஆயிரங்களில். இன்னொரு காரணம், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து தண்டு துருப்பிடித்து இறுகியிருப்பது. மெயினை அணைத்துவிட்டு மோட்டாரின் பின்பக்க மூடிக்குள் இருக்கும் விசிறியைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் தண்டில் குறையில்லை. இரண்டு எச்சரிக்கைகள். உறுமும் மோட்டாரை அப்படியே விட்டுவைத்தால் அப்போதுதான் காயில் நிஜமாகவே போகும், உடனே அணைக்க வேண்டும். கண்டன்சரின் முனைகளை மின்சாரம் நிறுத்திய பிறகும் தொடக்கூடாது, அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும். மாற்றுவதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். “முதல்ல கண்டன்சரைப் பாருங்க” என்று அவரிடம் நீங்கள் சொல்வதுதான் இங்கே காசு.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது புட் வால்வு ஒழுகும். பம்பின் மேலே உள்ள திருகைக் கழற்றிக் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடினால் பல நாள் பிரச்சினை பத்து நிமிடத்தில் முடியும். மே மாதத்தில் இதுவும் பலிக்காமல் போனால் கிணற்றை எட்டிப் பாருங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் மோட்டாரால் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்ச முடியாது. காற்றழுத்தம் தூக்கிவிடும் உயரம் அவ்வளவுதான், எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும். நீர்மட்டம் அதற்கும் கீழே போன வீட்டில் மோட்டாரை மாற்றிப் பயனில்லை. கிணற்றுக்குள் இறக்கி வைக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி போட வேண்டும்.

பெண்ணுக்கு இயந்திரம் வராது என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பை அன்றைக்குச் செய்து அனுப்பியது ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸின் நம் சென்னைத் தொழிற்சாலை. 1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின்கீழ் அதே பம்பைக் கழற்றிப் பழுது பார்க்கக் கற்றவர்கள், பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள். அரசு மெக்கானிக் வருவாரென்று காத்திருந்து தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தான். அதனால் பழுதின் அவசரமும் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

“ட்ரிப் ஆயிட்டே இருக்கா? அதைக் கழட்டிப் போட்டுட்டு நேரா குடுத்துடலாம்”

கேட்கவே கூடாத யோசனை இது. போர்டில் இருக்கும் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிறது. அகலமாக, ‘டெஸ்ட்’ பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பாற்றுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீடு மொத்தமும் இருண்டால் அது உயிரோடு இருக்கிறது. அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

மழைநாளில் அது அடிக்கடி விழுகிறதா? எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. கீசராகவோ மாடி விளக்காகவோ வெளி வாசல் பிளக்காகவோ இருக்கும். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்ற வீட்டை ஓட்டலாம், எலக்ட்ரீஷியன் காலையில் வரட்டும். தெரு முழுக்க இருட்டாக இருந்தால் 94987 94987, மின்வாரியத்தின் மின்னகம். கம்பத்தில் ஏறும் வேலை ஈ.பி.காரருடையது, தெருவில் எவ்வளவு தைரியசாலி இருந்தாலும்.

“சிலிண்டர்ல போட்டிருக்கறது கேஸ் காலாவதி தேதி”

கேஸ் கெட்டுப்போகாது. பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ‘சி 27’ என்பதுபோல ஆங்கிலத்தில் எழுதியிருப்பது, சிலிண்டரை அடுத்த முறை சோதிக்க வேண்டிய காலம். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், இப்படி மும்மாதமாக டி வரை. தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு. காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும்.

கசிவைத் தீக்குச்சியால் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவினால் போதும், குமிழி விட்டால் கசிகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் வாசலையும் கொல்லைக் கதவையும் திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் பேன் சுவிட்சைத் தொடக்கூடாது. ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான 1906க்குப் போன் செய்யுங்கள்.

“மெழுகுவத்தி இறக்கிப் பாரு, அணையலைன்னா இறங்கலாம்”

சம்ப், பாழுங்கிணறு, செப்டிக் டேங்க் மூன்றுக்கும் இதே சோதனைதான் சொல்லப்படுகிறது. மெழுகுவத்தி அணைவது பிராணவாயு மிகவும் குறைந்த பிறகுதான். செப்டிக் டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டவே காட்டாது, அங்கேயே இருக்கும் மீத்தேனை வேண்டுமானால் பற்ற வைக்கும். ‘காலி சம்ப்தானே’ என்பதும் ஆபத்தான பேச்சு. நாள்பட மூடிக் கிடந்த சம்ப்பிலும் பிராணவாயு குறைந்திருக்கும், சென்ட்ரிங் பலகை பிரிக்காத புது சம்ப்பில் மட்கும் மரமே அதைத் தின்றுவிடும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவதுதான் நாம் மீண்டும் மீண்டும் படிக்கும் செய்தி.

தினமும் புழங்கும் சம்ப்பை வெளியே நின்றபடி மோட்டார் வைத்து இறைக்கலாம், நீளக் கம்புத் துடைப்பத்தால் தேய்க்கலாம். அதோடு உங்கள் எல்லை முடிந்தது. செப்டிக் டேங்க் என்றால் லாரியும் குழாயும் மட்டுமே. ‘ஐந்நூறு சேர்த்துக் குடுங்க, நானே இறங்கி வழிச்சிடறேன்’ என்று யார் சொன்னாலும் கேட்டைச் சாத்துங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்னவரும் குற்றவாளி. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. தனியாக வாழும் பெண் துணிந்து எல்லாம் செய்ய வேண்டும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்வார்கள். இந்த ஒரு வேலையைத் துணிச்சல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

“சிறியாநங்கை வச்சா பாம்பு வராது”

பக்கத்து மனை காலி. சீமைக்கருவேலமும் கட்டடக் குப்பையும் மண்டிக் கிடக்கின்றன. மழை பெய்தால் அங்கே தண்ணீர், தண்ணீரில் தவளை, தவளைக்குப் பின்னால் விருந்தாளி. வாசலில் சிறியாநங்கை, நிலையில் ஆகாச கருடன் கிழங்கு, ஜன்னலோரம் பூண்டு, படியெல்லாம் பினாயில் என்று வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம் பகுதியில் நிறைய. சிறியாநங்கை அருமையான கசப்பு மூலிகைதான், ஆனால் அதன் மறைவிலேயே பாம்பு சுருண்டு படுக்கும். தவளையை விட்டால் பாம்பு வருவது எலிக்காக. கோழித்தீவனம், நாய்ச்சோறு, அடுக்கிய செங்கல், மட்டைக் குவியல் இவற்றை அகற்றினால் எலி போகும். கொல்லைக் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடைத்தால், கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை கட்டினால் வழியும் போகும்.

ஆளைக் கொல்பவை பெரும்பாலும் நான்குதான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை நல்லபாம்புக்கு ஜோடி என்பது கதை. இரண்டும் வேறு வேறு இனம், நல்லபாம்பு சாரையைப் பிடித்துத் தின்னும். நம் வீடுகளில் நான் அதிகம் பயப்படச் சொல்வது கட்டுவிரியனுக்கு. அது ராத்திரியில் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால் ‘வாயு’ என்று ஓமம் தேடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். தனியாக இருப்பவர் கட்டிலில் படுப்பதும் கொசுவலை செருகிக்கொள்வதும் இதற்காகத்தான்.

கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அங்கே இலவசம். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. நான்கு விஷத்துக்கும் ஒரே மருந்து, டாக்டர் அறிகுறிகளையும், ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்பதையும் பார்த்து முடிவெடுப்பார். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. அந்த மருந்துக்கான விஷம் பெரும்பாலும் வருவதும் நம் மாவட்டத்திலிருந்துதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறது. அந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு பிடிப்பது அவர்களுக்குத் தொழில். நாம் துடைப்பத்தோடு நிற்க வேண்டாம், பாம்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு எட்ட நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டால் போதும்.

“மழைநீர்த் தொட்டி கட்டியாச்சு, அதோட சரி”

2003இல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டியின் மூடியை அதன் பிறகு திறக்காத வீடுகள் உண்டு. கூழாங்கல்லும் மணலும் சேறு பிடித்தால் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கல்லை அள்ளிக் கழுவிப் போட ஒரு ஆளும் அரை நாளும் போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு நாள் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 9,300 லிட்டர். ஒரு டேங்கர் லாரிக்கு நீங்கள் கொடுக்கும் காசு அது.

அதே செப்டம்பரில் தென்னையின் காய்ந்த மட்டையையும் குலையையும் இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் விழுந்த மரங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏற ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலுக்குக் கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ஒரு வழி கண்டது. ஏறும் கருவி கொடுத்துப் பயிற்சி நடத்தினார்கள், பெண்களும் கற்று ஏறுகிறார்கள். அறுபத்தைந்து வயதில் நீங்கள் ஏற வேண்டாம்.

“வீடு அவர் பேர்ல, நான் அவர் பெண்டாட்டி, அப்புறமென்ன”

அப்புறம் நிறைய இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. வங்கி டெபாசிட்டில் நாமினி என்று உங்கள் பெயர் இருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், உரிமை வாரிசுகளுக்கே. பிள்ளைகளோடு நல்ல உறவு இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா, ஈ.பி. இணைப்பு, சொத்து வரி, கேஸ் நான்கையும் மாற்றி முடித்துவிடுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு கையெழுத்துக்கு அலைவது மோட்டார் ரிப்பேரைவிட மோசம்.

“வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு வச்சிடு”

இந்த யோசனையைக் கேட்காத தனித்த பெண் கிடையாது. செருப்பு யாரை ஏமாற்றும்? பால்காரர், பூக்காரம்மா, தண்ணீர் கேன் பையன், எதிர்வீட்டு மாமி எல்லோருக்கும் நீங்கள் தனி என்பது தெரியும். தெரிந்திருப்பதும் நல்லதே. காலை ஏழு மணிக்குப் பால் பாக்கெட் பையிலேயே கிடக்கிறது என்று ஒருவர் கவனித்தால், கேமராவைவிட அது மேல். மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், ரோந்து வரும்போது பார்ப்பார்கள்.

திருடனைவிட அடிக்கடி நடப்பது குளியலறையில் வழுக்கி விழுவது. வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும் பழக்கத்தில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம். விழுந்து எழ முடியாமல் போனால் சாவி வைத்திருக்கும் மாமி வீட்டுக்குள் வந்தும் பயனில்லை, கதவை உடைக்க ஆள் தேட வேண்டும். அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், குளிக்கப் போகும்போது போனையும் எடுத்துப்போய்க் கைக்கு எட்டும்படி தாழ்வாக வையுங்கள்.