மருந்தும் செலவும்: நல்ல சமாரியன் தரும் பாடம்

வேதபாடம்: லூக்கா 10:25–37



காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதோடு சமாரியனின் வேலை முடியவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான். மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் தானே பொறுப்பேற்றான். மருந்து ஒரு பாதி, செலவு மறு பாதி. இந்தப் பாடத்தை நம் காலத்து ‘நானோ’ மருந்து ஒன்றிலும் காணலாம்.

1. மருந்து

அம்போடெரிசின்-பி பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதையே லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. இவ்வுருண்டை 100 நானோமீட்டருக்கும் சிறியது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே கிடக்கும் காவிரி மணலில் அரை மில்லிமீட்டர் துகள் ஒன்றின் அகலத்தில் இவை 5,000-க்கு மேல் வரிசையாக அடங்கும்.

2. செலவு

2021 மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை நோயைத் தமிழக அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதற்கு இம்மருந்தை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. ஒரு குப்பியே சில ஆயிரம் ரூபாய். சிகிச்சையோ வாரக்கணக்கில் நீளும். பணமில்லை என்று பாதியில் நிறுத்தினால் கண்ணும் போகலாம், உயிரும் போகலாம்.

3. பொறுப்பு

அந்நாட்களில் மத்திய அரசு குப்பிகளை மாநிலங்களுக்குப் பங்கிட்டது. ஜூன் 12 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் இம்மருந்துக்கான வரியைத் தற்காலிகமாக நீக்கியது. இதற்கு முன்னரே பீகாரின் காலா-அசார் காய்ச்சலில் நல்ல முன்மாதிரி உண்டு. பழைய முறையில் 29 நாட்களில் 15 தடவை மருந்து ஏற்ற வேண்டும். லிப்போசோம் மருந்து ஒரே தடவையில் ஏறக்குறைய அதே அளவு குணமளிப்பதை 2010-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. ஏழைகளால் அதை வாங்க முடியாது. ஆகவே தயாரிப்பு நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் மூலம் இலவசமாய் வழங்கிற்று. அரசும் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

பிரியமானவர்களே, விஞ்ஞானி மருந்தைத் தருகிறார். அரசு வழியைத் திறக்கிறது. இவற்றிற்குப் பின்னும் மீதியாகும் செலவு ஒன்று உண்டு. சத்திரக்காரன் கையில் சமாரியன் வைத்த பணம் அதற்கானதே. ஏழை நோயாளர் நிதிக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அவ்விதமே.

சிந்திக்க: சமாரியன் செலவுக்கு ஏன் வரம்பு வைக்கவில்லை? நம் சபை யாருடைய மீதிச் செலவை ஏற்கலாம்?

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் ஈகையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.