வால்வு ஆம்ப்ளிஃபயர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

நம் பிள்ளைகளில் பலர் கிதார் பக்கம் சாய்ந்து பல காலம் ஆகிறது. சங்க விழா மேடையில் அவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கை தட்டுகிறோம். ஆனால் கிதாரோடு வீட்டுக்குள் வந்து சேர்ந்த அந்தக் கனமான பெட்டி ஒரு நாள் ஊமையாகிவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதிலும் அது வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயராக இருந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

டிரான்சிஸ்டர் 1947-இல் பிறந்தது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நம் வீட்டு ரேடியோக்களிலிருந்து வால்வு விடைபெற்றுக்கொண்டது. கிதார்க்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. வால்வை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் ஒலி சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மெல்ல நசுங்கும். அந்த நசுங்கல்தான் அவர்களுக்கு வேண்டியது. நம் காதுக்கு அது கரகரப்பாகக் கேட்டால் அது வேறு விஷயம்!

பெட்டிக்குள் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தேயக்கூடியவை, தேயக்கூடாதவை. வால்வு என்பது பல்பு மாதிரி. என்றாவது மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் அதைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்களுக்குள் இருக்கும் ஈரம் பதினைந்து, இருபது ஆண்டுகளில் காய்ந்துவிடும். வால்யூம் திருகியும் ஒயர் செருகும் துளையும் கடற்கரை ஊர்க் காற்றில் களிம்பேறும். இவற்றில் எது கெட்டாலும் பழுது பார்ப்பதே முறை. டிரான்ஸ்பார்மர் அப்படியல்ல. அதில் இரண்டு உண்டு. ஒன்று வீட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்வது, மற்றது ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்புவது. இவற்றில் ஒன்று எரிந்திருந்தால்தான் 'புதிது வாங்கலாமா' என்ற கேள்விக்கே இடம்.

மேற்கொண்டு படிக்குமுன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லும். ஆகவே திருகுகளைக் கழற்றி உள்ளே கை வைப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை. நாம் செய்யக்கூடியது பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே. அதிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும்.

முதலில் வேறு ஒயர், வேறு கிதார் போட்டுப் பாருங்கள். பிறகு பின்பக்கக் கம்பி வலை வழியே வால்வுகளைக் கவனியுங்கள். கண்ணாடியின் உட்புறம் வெள்ளி பூசியதுபோல் ஒரு பகுதி பளபளக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது என்று பொருள். வால்வுக்குள் சிறு நெருப்பு எரிவது இயல்புதான். ஆனால் வெளியே தெரியும் சாம்பல் நிறத் தகடே சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இரைச்சல் இருந்தால் அதற்கும் சுருதி உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதைச் சீராக்கும்போது அது 100 ஆக இரட்டிக்கிறது. கிதாரின் தடித்த ஆறாவது தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் வருவது 98. ஆம்ப்ளிஃபயரில் ஒயர் எதுவும் செருகாமல், வால்யூமையும் முழுக்கக் குறைத்துவிட்டு, வெறும் கிதாரில் அந்தச் சுரத்தை மீட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரைச்சல் அந்தச் சுரத்தை ஒட்டியே நின்றால் கண்டென்சர் காய்ந்திருக்க வேண்டும், அல்லது ஜோடி வால்வுகளில் ஒன்று சோர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சின்ன வேலைதான். ஒரு ஸ்தாயி கீழே முனகினால் வால்வின் சூடேற்றும் கம்பியிலோ எர்த் இணைப்பிலோ கோளாறு இருக்கலாம்.

செம்பூரில் ஒரு குடும்பத்துக்கு இது கைகொடுத்தது. கடையில் 'டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்லி, புதியதன் விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா வங்கிச் சேமிப்பை எடுக்கத் தயாராக இருந்தார். எரிந்த டிரான்ஸ்பார்மர் இப்படிச் சுத்தமாகச் சுருதி சேர்ந்து பாடாதே என்று எனக்குச் சந்தேகம். அந்த வீட்டுப் பெண்ணையே மூன்றாம் கட்டை மீட்டச் சொன்னேன். இரைச்சல் அங்கேயே நின்றது. வேறொரு மெக்கானிக் கண்டென்சர்களை மட்டும் மாற்றினார். அவள் இன்றும் அதில்தான் வாசிக்கிறாள்.

ஃப்யூஸ் போனால் அதே அளவுள்ள ஃப்யூஸை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். மறுபடியும் போனால் நிறுத்திவிடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது டிரான்ஸ்பார்மருக்குக் கொள்ளி வைப்பது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டுவதும் அப்படித்தான். கிதாரின் தந்திகள் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு மின்சார ரீதியில் இணைந்திருப்பதால், மூன்று முள் பிளக்கும் உண்மையான எர்த்தும் இல்லாத அறையில் பிள்ளையை வாசிக்க விடாதீர்கள். சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமாவோ அண்ணனோ அன்போடு கொண்டுவந்த பெட்டியென்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. நடுவில் தகுந்த வாட் அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அப்படி நேராகச் செருகிச் செத்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே அச்சிட்ட சர்க்யூட் போர்டு. வால்வு சாக்கெட்டுகளையும் அதிலேயே பற்றவைத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கான சூட்டில் போர்டு கருகிச் செப்புக் கோடுகள் உரிந்திருந்தன. அதோடு டிரான்ஸ்பார்மரும் எரிந்திருந்தது. அதைப் பழுது பார்க்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் மட்டும் மிஞ்சின. கையால் ஒயர் இழுத்துக் கட்டிய பழைய பெட்டியாக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதில் எந்தப் பாகத்தையும் தனியே கழற்றி மாற்றலாம்.

நம் ஊர்களில் மின்சாரம் வாங்கும் டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றித் தர ஆள் உண்டு. ஒலியை அனுப்பும் டிரான்ஸ்பார்மரில் இரு கம்பிச் சுற்றுகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். மோட்டார் சுற்றுகிறவருக்கு அது கைவராது. எப்படியானாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதே மாடல் நல்ல நிலையில் பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் தயங்குவேன். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 30 வாட் வால்வு பெட்டி அதன் உண்மையான குரலைக் காட்டும் சத்தத்தில் வைத்தால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். பிள்ளை இப்போதுதான் கற்கிறான் என்றால் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டியே போதும்.

வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் தயாராகின்றன. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தயாரித்தது. 12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒரே வால்வின் இரு பெயர்கள். ஈஎல்84-க்கு 6பிக்யூ5 என்று இன்னொரு பெயர். ஆனால் ஈஎல்34 இருந்த இடத்தில் 6எல்6-ஐச் சும்மா செருகிவிட முடியாது. பெரிய வால்வுகளை ஜோடி பொருத்தியே வாங்க வேண்டும். மாற்றியபின் பயாஸ் சரிசெய்ய வேண்டிய மாடலா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.