எடை குறைந்த பின் ஆகாரக் கணக்கு



வியாபாரிக்குக் கடன் அடைந்த நாள் பெருநாள். ஆனால் மறுநாளே கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தவன் கதி என்ன ஆயிற்று என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். இரைப்பை ஆபரேஷன் செய்து உடல் எடையைக் குறைத்துக் கொண்டவர்களின் நிலையும் இதுவே. எடை குறைவது ஆபரேஷனால். குறைந்தது நிலைப்பது கணக்கால். அந்தக் கணக்கே இன்றைய பாடம்.

இது நமக்கு ஏன்?

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 100-க்கு 54 பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை கடை நடத்தும் நாமோ, காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில்தான் எழுந்திருக்கிறோம். ஆகவே நம்மவரிலும் இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர் உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இது நடைபெறுகிறது.

இரண்டு முறைகள் பெருவழக்கு. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து விடுகிறார்கள். ‘பைபாஸ்’ முறையில் சிறு பை ஒன்றை அமைத்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இம்முறை 1966-ல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தது. பின்னால் பல திருத்தங்கள் பெற்றது.

போன எடை ஏன் திரும்புகிறது?

சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருஷங்களுக்குள் தம் எடையில் 100-க்கு 32 பங்கு குறைந்தார்கள். பத்தாம் வருஷம் பார்த்தபோது குறைவு 25 பங்காக நின்றது. பெரும்பகுதி லாபம் நிலைத்தது, சிறுபகுதி கரைந்தது.

காரணம் இரண்டு. மெலிந்த சரீரத்துக்குச் செலவு குறைவு. பழைய வரவைக் கொடுத்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். மற்றொன்று, சிறிய இரைப்பை சோற்றைத் தடுக்கும். இனிப்புத் தண்ணீரைத் தடுக்காது.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். 112 கிலோவில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்றரை வருஷத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். அடுத்த இரண்டு வருஷத்தில் 9 கிலோ திரும்பி விட்டது. “கைப்பிடிச் சோறுதானே தின்கிறேன்?” என்று மலைத்தேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. லாரிக்காரர் வந்தால் ஒரு தே தாரிக், வாடிக்கைக்காரர் வந்தால் ஒன்று என, நாளுக்கு ஐந்து! இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலிலேயே ஏறத்தாழ 130 கலோரி உண்டு. ஐந்துக்கு 650. ஒரு நாள் ஆகாரத்தில் ஏறக்குறையப் பாதியைக் குடித்தே தீர்த்திருக்கிறேன்.

கலோரி எவ்வளவு?

எல்லாருக்கும் ஒரே தொகை கிடையாது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழிந்தபின் பலருக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 கலோரிக்குள் அமைகிறது. உயரமானவர்க்கும் உடலுழைப்பாளிக்கும் கூடுதல் வேண்டியிருக்கும். உங்கள் தொகையைத் தராசே சொல்லும். வெள்ளிதோறும் காலையில் நிறுத்து எழுதுங்கள். நாலு வாரம் எடை நின்றால் உண்பது சரி. ஏறினால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். இறங்கிக்கொண்டே போய், முடி கொட்டி, அசதி கண்டால், ஆகாரம் போதவில்லை. உடனே டாக்டரிடம் போங்கள்.

முதலைத் தின்னாதீர்

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையலாகாது. உயரத்துக்குத் தக்க எடையில் கிலோவுக்கு 1 முதல் 1½ கிராம் என்பது அளவு. அது குறைந்தால் சரீரம் தன் தசையையே கரைத்துச் செலவு செய்யும். வருமானமில்லாத கடைக்காரன் முதலைத் தின்பது போன்றது அது. தசை குறைந்தால் உடலின் கலோரிச் செலவும் குறைந்து, எடை ஏறுவது சுலபமாகி விடும்.

நம் கடைத்தெருச் சாமானிலேயே இதைச் சேர்த்து விடலாம். கணக்கு ஏறத்தாழ இப்படி:

முட்டை 2 – புரதம் 12 கிராம், 150 கலோரி
சமைத்த கெம்போங் மீன் 100 கிராம் – 20 கிராம், 140 கலோரி
தோல் நீக்கிச் சமைத்த கோழி 75 கிராம் – 20 கிராம், 125 கலோரி
வெந்த கெட்டிப் பருப்பு 100 கிராம் – 8 கிராம், 115 கலோரி
சீனியில்லாப் பால் 200 மில்லி – 7 கிராம், 125 கலோரி
ஆக மொத்தம் – 67 கிராம், 655 கலோரி

மீதிக் கலோரி சோறு, காய்கறி, பழம், எண்ணெய் ஆகியவற்றுக்கு. ஒரு ரொட்டி சானாயும் இரண்டு தே தாரிக்கும் என்றால் 560 கலோரி ஆகி விடும். புரதமோ 15 கிராம்கூடத் தேறாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

தட்டில் முதலில் மீன், முட்டை, கோழி, சோறு கடைசியில். நன்றாக மென்று, நிறைந்ததும் நிறுத்துங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரைமணி கழித்துக் குடியுங்கள். பி12, டி வைட்டமின்களும் இரும்பு, கால்சியம் சத்துகளும் ஆயுள் முழுவதும் தேவை. வருஷம் ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருந்துக் கூட்டின் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள்.

நோன்பு பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பின் முதல் பல மாதங்கள் இரவுப் பொழுதுக்குள் போதிய நீரும் புரதமும் உட்கொள்ளச் சிறிய இரைப்பையால் முடியாது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை நாம் அறிவோம். டாக்டரைக் கேட்காமல் துணிய வேண்டாம்.

திரும்பி வந்த 9 கிலோவில் 5 கிலோவை இந்தக் கணக்கால் குறைத்தேன். மீதி 4 இன்னும் என் பேரில் பற்று நிற்கிறது. ஆனால் ஒரு வருஷமாக அது ஏறவில்லை. சகோதரர்களே, இன்றிரவு கடைக் கணக்கு முடித்ததும் இன்னொரு பக்கம் திருப்பி, அன்று உண்டதையும் குடித்ததையும் ஒளிக்காமல் எழுதிப் பாருங்கள்.